மணலுக்குள் இருந்த சிவப்பு

செடிகளுக்கு உருவத்தையோ மணத்தையோ குணத்தையோ பார்த்துப் பெயர் வைப்பது தமிழ் வழக்கம். செய்யும் வேலையை வைத்துப் பெயர் பெற்ற செடிகள் குறைவு. அப்படி ஒன்று சாயவேர். யோசித்துப் பார்த்தால் அந்தப் பெயரே ஒரு வரலாற்றுச் சான்று. நுணா வேரிலிருந்து சிவப்பு எடுக்கலாம்; மலைப்பக்கத்து மஞ்சிட்டி வேரிலிருந்தும் எடுக்கலாம். அவையும் சாயம் தரும் வேர்கள்தான். ஆனாலும் ‘சாயவேர்’ என்ற பொதுப்பெயர் அவற்றுக்குப் போகவில்லை. கடலோர மணலில் தரையோடு தரையாகப் படர்ந்து, கடுகளவு வெள்ளைப் பூக்களைக் கொத்தாகப் பூக்கும் ஒரு சிறு பூண்டுக்கே அது உரிமையாகிவிட்டது. தொழிலில் இருந்தவர்கள் வெறுமனே ‘வேர்’ என்றால் எதைச் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்த காலத்தில்தான் இப்படி ஒரு பெயர் நிலைக்க முடியும். சித்த வைத்தியர்களுக்கு அதே செடி இம்பூறல். இருமலில் ரத்தம் வருவதை நிறுத்தும் மூலிகை. தாவரவியலில் ஓல்டன்லாண்டியா அம்பெல்லாட்டா. காப்பி, வெட்சி, நுணா எல்லாம் அதற்குப் பங்காளிகள். ராமேஸ்வரம் தீவில் மிகுதியாகக் கிடைத்ததால் அதற்கு இராமேசுவர வேர் என்றும் ஒரு பெயர் இருந்ததை, மதராஸில் மருத்துவராக இருந்த ஐன்ஸ்லி 1826இல் வெளியிட்ட தம் மருந்துப்பொருள் நூலில் பதிவுசெய்திருக்கிறார். ஆங்கிலேயர் ‘சே’ என்றும், மற்ற ஐரோப்பியர் ‘சாயா’, ‘சோயா’ என்றும் எழுதி வைத்ததெல்லாம் நம்முடைய ‘சாயம்’தான்.

சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணியைப் பற்றி எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் மூன்று பேரைச் சுற்றியே நடக்கிறது: கலம் என்ற எழுதுகோலைப் பிடித்து வரைந்த சாயக்காரர், வாங்கி விற்ற வணிகர், கப்பலேற்றிய கம்பெனி. கதையின் முடிவும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஜெர்மனியிலிருந்து செயற்கைச் சாயம் வந்தது, இயற்கைச் சாயம் அழிந்தது. இந்தக் கதையில் பொய் இல்லை, ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்தச் சிவப்பு இரண்டு உழைப்புகளின் கூட்டுச் சரக்கு. ஒன்று, துணியில் நிறத்தைப் பிடிக்கவைத்த சாயக்காரரின் முறை. மற்றொன்று, மணலைக் கிளறி நூல்போன்ற வேரைச் சேதமில்லாமல் எடுத்த கூலிக்காரரின் வேலை. செயற்கைச் சாயம் வந்தபோது இந்த இரண்டில் முதலாவது பிழைத்துக்கொண்டது. இரண்டாவது மட்டும் அடியோடு போயிற்று. ஆகவே ‘இயற்கைச் சாயத்தின் அழிவு’ என்று நாம் சொல்வது, உண்மையில் வேர் தோண்டியவர்களின் பிழைப்பு அழிந்ததைத்தான். அதை யாரும் அந்தப் பெயரில் எழுதவில்லை என்பதே என் வாதம்.

முதலில் சாயக்காரரின் பங்கை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். அதைக் குறைத்துப் பேசினால் வாதம் நேர்மையாக இருக்காது. 1734 வாக்கில் புதுச்சேரியில் போலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, பாரிஸ் வேதியியலாளர் து ஃபே கேட்டுக்கொண்டதற்காக ஒரு காரியம் செய்தார். சாயக்காரர் வேலைசெய்யும்போது பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தத் துண்டுகள் பாரிஸில் இன்றும் இருக்கின்றன. 1742இல் கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியார், தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களை விசாரித்து நீண்ட கடிதம் எழுதினார். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க, லத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் என்று மொழியியலாளர் கொண்டாடுவதும் இதே கேர்தூவைத்தான். சொற்களைப் போலவே துணியையும் கூர்ந்து பார்த்த மனிதர்.

அவர்கள் பார்த்தது இதுதான். வெளுத்த துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த கலவையில் நனைத்துக் காயவைக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறுகிறது. பாலின் கொழுப்பு, மேலே வரையும் கோடு பரவாமல் தடுக்கிறது. பிறகு படிகாரக் கரைசலைக் கலத்தால் தொட்டு, சிவப்பு வரவேண்டிய இடங்களில் மட்டும் வரைகிறார்கள். படிகாரம் தண்ணீர்போல நிறமற்றது. வரைந்த கோடு வரைபவர் கண்ணுக்கே தெரியாது. அதற்காகக் கொஞ்சம் பதிமுகக் கட்டைச் சாறு சேர்த்து, அடையாளத்துக்கு மட்டும் ஒரு நிறம் கொடுத்துக்கொள்வார்கள். இத்தனைக்கும் பிறகுதான் சாயவேர் வருகிறது. பொடித்த வேரைப் பானைத் தண்ணீரில் போட்டு, துணியை இறக்கி, மெதுவாகச் சூடேற்றுகிறார்கள். வெளியே எடுக்கும்போது துணி முழுவதும் மங்கலான செந்நிறமாக, கெட்டுப்போனதுபோல இருக்கும். அதைச் சாணம் கரைத்த நீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளிக்கிறார்கள். படிகாரம் படாத இடத்தில் ஒட்டியிருந்த நிறம் நாளுக்கு நாள் வெளுத்துப் போகிறது. படிகாரம் பட்ட இடத்தில் சிவப்பு அசையாமல் நிற்கிறது. தண்ணீராலும் வெயிலாலும் அழியவேண்டிய நிறம், அதே தண்ணீரிலும் வெயிலிலும்தான் தெளிந்து வெளியே வருகிறது. இந்த அறிவுக்குமுன் ஐரோப்பா கைகட்டி நின்றதில் வியப்பில்லை. அவர்களிடமும் மஞ்சிட்டியின் உறவான மேடர் வேர் இருந்தது. கம்பளியில் அதைக் கொண்டு சிவப்பு ஏற்றத் தெரியும். பருத்தியில், அதுவும் பூவும் கொடியுமாக வரைந்து, துவைத்தாலும் போகாத சிவப்பை ஏற்ற அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. உள்நாட்டு நெசவைக் காப்பாற்றப் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை வண்ணத் துணியையே தடைசெய்தது. இங்கிலாந்து 1721இல் சட்டம் போட்டது.

சரி, இத்தனையும் முறையின் பெருமை என்றால், வேருக்கு என்ன தனிச் சிறப்பு? சாயவேர்ப் பட்டையில் உள்ள முக்கியமான நிறப்பொருள் அலிசரின். மேடர் வேரிலும் அதுதான் இருக்கிறது. கூடவே பர்ப்யூரின் என்ற வேறொன்றும் இருக்கிறது. சாயவேரில் பர்ப்யூரின் கிடையாது. அலிசரின் தனியாக நூலைப் பிடிக்காது. படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடும் தண்ணீரிலோ வேரிலோ உள்ள சுண்ணாம்புச் சத்தோடும் சேரும்போதுதான் தெளிந்த சிவப்பாக இறுகும். மண்ணுக்கும் தண்ணீருக்கும் பேர் வந்தது இதனால்தான். 1618 முதல் 1622 வரை மசூலிப்பட்டினத்தில் ஆங்கிலக் கம்பெனிக்காரராக இருந்த வில்லியம் மெத்வோல்ட், கோல்கொண்டா ராஜ்யத்தைப் பற்றி எழுதிய குறிப்பில், கிருஷ்ணா முகத்துவாரத்துக்கு அருகில் பேட்டபோலி பகுதியில் விளையும் சாயவேரின் சிவப்பை உயர்த்திப் பேசுகிறார். மதுரைச் சாயக்காரர்களோ சிவப்பின் பளபளப்புக்கு வைகைத் தண்ணீரைக் காரணம் சொன்னார்கள். கிளிஞ்சல் உடைந்து கலந்த கடல்மணலில் வளரும் வேருக்குச் சுண்ணாம்புச் சத்துக்குக் குறைவிருக்காது என்று எண்ணும்போது, இந்த ஊர்ப்பெருமைகளை வெறும் வணிகப் பேச்சு என்று ஒதுக்கத் தோன்றவில்லை. ஆனால் மண்ணின் மகிமையைப் பாடுவதோடு நின்றுவிட்டால், அந்த மண்ணைத் தோண்டிய கை மறைந்துபோகும். நம் வரலாற்றெழுத்தில் அதுதான் நடந்திருக்கிறது.

தோண்டுவது எப்படிப்பட்ட வேலை என்று பார்ப்போம். செடி உயரம் குறைந்தது. வேர் மெல்லியது, நீளமானது, ஈரமாக இருக்கும்போது ஆரஞ்சு நிறம். சாயம் இருப்பது மேல்பட்டையில். உள்ளே உள்ள வெண்ணிற நார் உதவாது. பட்டை உரிந்தால் உழைப்பு வீண், அறுந்து பாதி மண்ணுக்குள் நின்றாலும் வீண். மணலைக் குத்திக் கிளறி, வேரை அதன் போக்கிலேயே தொடர்ந்து போய் எடுக்க வேண்டும். பயிரிட்ட வேரும் உண்டு. தூசிபோன்ற விதையை மணற்பாங்கான நிலத்தில் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, வளரவிட்டு எடுத்தார்கள். 1795இல் வெளிவந்த சோழமண்டலக் கரைத் தாவரங்கள் நூலின் முதல் தொகுதியில் இந்தச் செடியைப் படத்தோடு விவரித்த வில்லியம் ராக்ஸ்பர்க், தானாக வளர்ந்த காட்டு வேர் நீளத்தில் குறைந்தாலும் நிறத்தில் கால்பங்கு கூடுதல் தரும் என்று சாயக்காரர் மதிப்பிட்டதைக் குறிப்பிடுகிறார். இந்தச் சிறு குறிப்பில் என் வாதத்துக்கு வேண்டியது இருக்கிறது. உயர்ந்த சரக்கு தோட்டத்திலிருந்து வரவில்லை. யாருக்கும் பட்டா இல்லாத தேரியிலும் கடலோரப் பொட்டலிலும் அலைந்து தேடியவர்களிடமிருந்து வந்தது. எந்த மேட்டில் எவ்வளவு ஆழத்தில் வேர் போகும், எந்தப் பருவத்தில் பட்டை தடித்திருக்கும், எந்த இடத்தை இரண்டு வருஷம் விட்டுவைக்க வேண்டும் என்பதெல்லாம் படித்து வராத அறிவு. சாயக்காரரின் அறிவைக் கேட்டு எழுத ஒரு கேர்தூ வந்தார். வேர் தோண்டியவரிடம் அப்படிக் கேட்டு எழுத யாரும் போகவில்லை.

அவர்களைத் தேடிப் போனவர்கள் வேறு ஆட்கள். கையில் வரிக்கணக்கோடு போனவர்கள். 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், அந்தக் கரையின் வருவாய் இனங்களில் யானையோடும் முத்தோடும் சாயவேரையும் வைத்தார்கள். வேர் ஒல்லாந்துக் கம்பெனியின் ஏகபோகம். தோண்டுவதற்கென்றே ஒரு சாதிப் பிரிவினர் கடமைப்பட்டிருந்தார்கள். எடுத்த வேரைக் கம்பெனி விதித்த விலைக்குக் கம்பெனியிடமே கொடுத்தாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் கொமாண்டராக இருந்த ஹெண்ட்ரிக் ஸ்வார்டெக்ரூன், 1697இல் தமக்குப் பின்னால் பொறுப்பேற்பவர்களுக்கு எழுதி வைத்த நினைவுக்குறிப்பில் சாயவேருக்கும் இடம் கொடுத்திருக்கிறார். வெறும் களைபோன்ற ஒரு பூண்டின் வேர், ஒரு ஏகாதிபத்திய வணிக நிறுவனத்தின் நிர்வாகக் கவலைகளில் ஒன்றாகியிருந்தது. இதன் பொருளை நிதானமாகப் பார்க்க வேண்டும். சாயமிடும் முறையை ஒல்லாந்தரால் ஏகபோகமாக்க முடியவில்லை. அது பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் மசூலிப்பட்டினத்திலும் ஆயிரம் கைகளில் பரவிக்கிடந்தது. பிடித்து வைக்கக்கூடியதாக இருந்தது வேர். அதைவிட, வேர் எடுக்கத் தெரிந்த மனிதர்கள். அதிகாரம் எதன்மீது கைவைக்கிறதோ அங்கேதான் மதிப்பு இருக்கிறது என்ற எளிய விதியைக் கொண்டு பார்த்தால், இந்தத் தொழிலின் முடிச்சு எங்கே இருந்தது என்பதற்கு ஒல்லாந்தர் ஆவணத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இனி முடிவுக்கு வருவோம். 1826இல் பிரான்ஸில் ரோபிக்கேயும் கோலினும் மேடர் வேரிலிருந்து அலிசரினைத் தனியாகப் பிரித்தார்கள். 1868இல் பெர்லினில் கிரேபேயும் லீபர்மனும் அதை நிலக்கரித் தாரில் கிடைக்கும் ஆந்த்ரசீனிலிருந்து செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 25ஆம் தேதி அவர்களும் ஹென்ரிக் காரோவும், 26ஆம் தேதி வில்லியம் பெர்க்கினும், ஒரே நாள் இடைவெளியில் லண்டனில் காப்புரிமைக்கு மனுக் கொடுத்தார்கள். பத்துப் பதினைந்து வருஷங்களில் ஐரோப்பாவின் மேடர் வயல்கள் காலியாயின. அலிசரின் குழம்பு டின்களில் மதராஸுக்கும் வந்திறங்கியது. இதில் ஒரு விஷயம் அவசியம் சொல்ல வேண்டியது. 1893இல் லீட்ஸ் நகரில் ஹம்மலும் ஆர்தர் ஜார்ஜ் பெர்க்கினும் சாயவேரின் நிறப்பொருள்களைப் பிரித்தாய்ந்து கட்டுரை எழுதினார்கள். இந்தப் பெர்க்கின், காப்புரிமை மனுக் கொடுத்த பெர்க்கினின் மகன். தந்தையின் சரக்கு சந்தையிலிருந்து விரட்டிக்கொண்டிருந்த வேருக்குள் என்ன இருக்கிறது என்பதை, மகன் சோதனைக்குழாயில் கண்டறிந்து பதிவுசெய்தார். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து எட்வின் ஹோல்டர் மதராஸ் மாகாணத்துச் சாயத் தொழிலைப் பற்றிய அரசு அறிக்கையை எழுதினார். 1906இல் வெளிவந்த மதுரை மாவட்டக் கெசட்டியர், பழைய தாவரச் சாயங்களின் இடத்தை இறக்குமதிச் சாயங்கள் பிடித்துக்கொண்டதைச் சொல்கிறது.

ஆனால் மதுரையில் சிவப்புத் துணி நின்றுபோகவில்லை. சௌராஷ்டிரச் சாயக்காரர்கள் தொழிலை விடவில்லை. வேர்ப்பொடிக்குப் பதில் டின்னைத் திறந்தார்கள். சீராலாவில் நூலை எண்ணெயிலும் ஆமணக்குச் சாம்பல் நீரிலும் நாள்கணக்கில் ஊறப்போட்டுச் சிவப்பேற்றும் தேலியா ருமால் முறை, அலிசரினோடும் அப்படியே தொடர்ந்தது. மசூலிப்பட்டினத்தில் அச்சுக்கட்டையால் துணி அச்சடிப்பவர்கள் இன்றும் கடுக்காயும் படிகாரமும் போட்டுவிட்டுக் கடைசியில் அலிசரின் கொதிநீரில் இறக்குகிறார்கள். பானை அதே பானை, வரிசை அதே வரிசை. உள்ளே போடும் ஒரு பொருள் மட்டும் மாறியது. அந்தப் பொருளைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் மட்டும் தேவையற்றுப் போனார்கள். செயற்கை அலிசரின் வேரைப் பின்பற்றிச் செய்த போலி அல்ல, அதே மூலக்கூறு. அதனாலேயே சாயக்காரரின் கைக்கு அது உடனே பழகியது. அதனாலேயே வேர் தோண்டியவருக்கு எந்த இடமும் மிச்சமாகவில்லை.

இதற்குச் சில மறுப்புகள் வரும். முதலாவது, வேர் தோண்டுவது கட்டாய உழைப்பு, சாதிக் கடமை. அது ஒழிந்தது நல்லதுதானே என்பது. ஒல்லாந்தர் காலத்து நிலையைப் பொறுத்தவரை இதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். அந்த ஏகபோகத்தை நினைத்து ஏங்க எதுவும் இல்லை. ஆனால் கட்டாயத்திலிருந்து விடுபடுவதும் பிழைப்பை இழப்பதும் ஒன்றல்ல. கடமையை நீக்கி, வேருக்கு நியாய விலை கொடுத்திருந்தால் அது விடுதலை. கடமையும் போய், வேருக்கு விலையும் போய், தோண்டிய நிலத்தில் உரிமையும் இல்லாமல் நிற்பதற்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும். இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: எல்லா இடத்திலும் முடிவுக்கு அலிசரின்தான் காரணமா? இல்லை. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகக் கோடாலிக் கருப்பூரில் சரிகை இழையோடிய துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றிச் செய்த சேலைகள், அரண்மனை ஆதரவு அற்றுப்போனதால் மறைந்தன. அங்கே டின்னுக்கு முன்னால் தர்பார் முடிந்துவிட்டது. இந்த விதிவிலக்கை ஏற்றுக்கொண்டாலும் பெருவழக்கு மாறாது. ஊர்ச்சந்தைக்கும் கடல்கடந்த சந்தைக்கும் போன சாதாரணச் சிவப்பில்தான் வேரின் பெரும்பகுதி செலவானது, அந்தச் சிவப்பு நிற்கவுமில்லை.

மூன்றாவது தரப்பினர் என் பக்கம் நிற்பதுபோலத் தோன்றுவார்கள்: இயற்கைச் சாயமே உயர்ந்தது, வேர்ச்சிவப்பின் ஆழம் டின்சிவப்பில் வராது, ஆகவே சாயவேரை மீட்க வேண்டும் என்பவர்கள். வேர்ப்பட்டையில் அலிசரினோடு வேறு சில பொருள்களும் இருப்பதால் சாயலில் நுட்பமான வேறுபாடு இருக்கும் என்பது சரிதான். காளஹஸ்தியில் கலம்காரி வரைபவர்களில் பழைய முறைகளை விடாதவர்கள் அந்த வேறுபாட்டை மதிக்கிறார்கள். அவர்களை நானும் மதிக்கிறேன். கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் மீட்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது சேலையின் அழகிலும் வாங்குபவரின் தோல் நலத்திலுமே போய் நிற்கிறது. ஒரு துணிக்கு எத்தனை கூடை வேர் வேண்டும், அதை எடுக்க எத்தனை ஆள் எத்தனை நாள் குனிந்திருக்க வேண்டும், அவர்களுக்கு என்ன கூலி என்ற கணக்கிலிருந்து மீட்பைத் தொடங்கினால்தான் அது மீட்பு. அந்தக் கணக்கு இல்லாமல் செய்தால், பழைய வரலாற்றின் ஓட்டையையே புதிய துணியிலும் போட்டதாகும்.

பிரான்ஸின் தெற்கே, அவிஞோன் நகரத்துக்கு அருகில், அல்த்தேன் தே பாலு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் மேடர் பயிரைப் பரப்பிய ஜான் அல்த்தேன் என்ற ஆர்மீனியரின் பெயர் அது. மேடர் வயல்கள் போய் நூறு வருஷத்துக்கு மேலாகியும் ஊர்ப்பெயரில் அவர் இருக்கிறார். சென்னையில் 1734இல் நெசவாளர்களுக்கும் துணியில் வண்ணம் தீட்டுபவர்களுக்கும் வண்ணாருக்கும் ஆங்கிலக் கம்பெனி அமைத்த சின்னத் தறிப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டையாக நிலைத்திருக்கிறது. தறிக்கு ஒரு பேட்டை கிடைத்தது. வேருக்கு ஒரு தெருவின் பெயர்கூட எனக்குத் தெரிந்து கிடைக்கவில்லை. அருங்காட்சியகங்களில் சோழமண்டலக் கரைத் துணிகளின் அடியில் ‘பருத்தி, வரைந்து சாயமேற்றியது, பதினெட்டாம் நூற்றாண்டு’ என்று எழுதுகிறார்கள். அந்த வரியோடு ‘சிவப்பு: சாயவேர், கடலோர மணலில் தோண்டி எடுத்தது’ என்று ஐந்தாறு சொற்களைச் சேர்க்கும்படி, அந்தத் துணிகளைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். செடி எங்கும் போய்விடவில்லை. நம் கடலோர மணலில் இப்போதும் முளைக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் இம்பூறல் என்று கேட்டால், இருமலுக்கு என்று பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள்.